புருலின் நான்கு ஞாயிறுகள்

ஏரிக்கரையில் இருக்கும் கராகோல் நகரத்தில் விருந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கல்யாணம், பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள், நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக் கால்கயிறு அறுப்பது, அறுபது வயது, எழுபது வயது, புது வீடு, மகன் பட்டாளத்திலிருந்து திரும்பியது. எதுவுமே இல்லாவிட்டால் போன வருஷம் போய்ச் சேர்ந்தவருக்கு ஆண்டு நினைவு. ஏதாவது ஒரு முற்றத்தில் கொப்பரை கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொப்பரைக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாகப் புருல் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஆறு நாள் விடுதிப் பள்ளியில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுவாள். ஏழாவது நாள் சொந்தக்காரர்களுக்கு. கைமணம் அப்படி. அவள் இறக்கிய புலாவைத் தின்றவன் வேறு எவள் செய்ததையும் பாதித் தட்டோடு தள்ளி வைத்துவிடுவான். அந்தப் பாராட்டே அவள் கழுத்துக்குச் சுருக்காகிப் போனது.

சுருக்கின் மறுமுனை கலிபாவின் கையில் இருந்தது. கலிபா, புருலின் கணவன் எசென்குலுக்கு மூத்த அக்கா. பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் கல்யாணங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்கு, நாள் குறிப்பதற்கு இல்லை. எந்த வீட்டு விருந்து எந்த ஞாயிறு என்பதை இன்றும் அவள்தான் தீர்ப்பாள். அவள் சட்டம் ஒன்றே ஒன்று: அழைப்பு அட்டை யார் கையிலிருந்து முதலில் போகிறதோ, நாள் அவர்களுடையது. ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர் மகள் கல்யாணத்தையே ஒரு வாரம் தள்ளிவைக்கச் செய்தாள், இவள் அட்டை இரண்டு மணி நேரம் முந்திக்கொண்டது என்பதற்காக.

போன புத்தாண்டுக்கு முந்தின நாள் புருல் ஒரு தவறு செய்தாள். மருந்துக்கடைக்காரன் கொடுத்த புதுக் காலண்டரை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் நான்கு ஞாயிறுகளை வட்டம் போட்டாள். பிப்ரவரியில் பனி கொட்டும்போது அக்-சூ வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார வேண்டும். மே மாதம் மலைச்சரிவில் பூப் பார்க்கப் போக வேண்டும், கூடவே சமைக்க ஆட்டை இழுத்துக்கொண்டு போகாமல். ஜூலையில் ஏரியில் கப்பல் ஏற வேண்டும். பிறந்ததிலிருந்து ஏரிக்கரையில் வாழ்கிறவள், அதைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அக்டோபரில் தலைநகர் பிஷ்கெக் போய் சர்க்கஸ். இவ்வளவுதான். மனசு கொள்ளாத சந்தோஷத்தில் அதை விருந்து மேசையில் எல்லோரிடமும் வாசித்தும் காட்டிவிட்டாள்.

கலிபா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "நல்ல யோசனைடி புருல். அப்ப இந்த நாலு ஞாயிறும் உனக்கு வேலை இல்லன்னு சொல்லு."

"ஆமா அண்ணி" என்றாள் புருல், அப்பாவியாக.

சமையல்காரி எந்தெந்த நாள் சும்மா இருக்கிறாள் என்பது அன்று இரவுக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. நாள் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிப்ரவரி ஞாயிற்றில் ஒரு கல்யாணம் விழுந்தது. மே ஞாயிற்றில் ஒரு எழுபது வயது. ஜூலையில் ஒரே நாளில் இரண்டு விருந்து. அக்டோபரில், சர்க்கஸ் கூடாரத்தில் யானை நடந்த அதே நேரத்தில், புருல் நாற்பது கிலோ கேரட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் அழுதாள். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, வெங்காயம் எதிர்ப்பக்கத்தில் சயிராஷிடம் இருந்தது.

சயிராஷ் அவள் வயதுக்காரி, எல்லா விருந்திலும் அவளோடு கொப்பரையடியில் கிடக்கும் ஐந்து பெண்களில் ஒருத்தி, வாய் நீளம். "எதுக்குடி மூக்க உறிஞ்சற? ஊர் சுத்தப் போறேன்னு சொன்னா எவ மதிப்பா? இந்த ஊர்ல விருந்துக்கு மட்டுந்தான் மரியாதை. நீ செத்தாக்கூட உன் விருந்துக்குதான் வருவாங்க, உன்னப் பாக்க இல்ல."

சயிராஷ் வழக்கம்போலத் திட்டினாள், அவ்வளவுதான். புருலுக்கு அது மனசில் போய்த் தைத்தது. கேரட்டைக் கீழே வைத்துவிட்டு, 'விருந்துக்கு மட்டுந்தான்' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் ஜனவரி மூன்றாம் தேதி அழைப்பு அட்டை அடிக்கும் கடைக்குப் போனாள். கடைக்காரி அய்ஜமால், மாதிரி அட்டைகள் ஒட்டிய ஆல்பத்தை எடுத்துப் போட்டாள்.

"யாருக்கு கல்யாணம்க்கா?"

"யாருக்கும் இல்ல."

"பேரனுக்கு கால்கயிறா?"

"இல்லம்மா. நாலு அட்டை வேணும், நாலும் வேற வேற, ஒவ்வொண்ணுலயும் பத்து. எல்லாத்துலயும் தங்க எழுத்து, ஓரத்துல பூ வேலை. கல்யாண அட்டைல போடற மாதிரியே."

"சரி, என்ன விசேஷம்னு போட? ஒண்ணும் போடாம அட்டை அடிச்சா சிரிப்பாங்கக்கா."

புருல் கையுறையைக் கழற்றினாள். "புருல் வெந்நீரில் அமரும் விழான்னு போடு. அடுத்தது, புருல் மலையேறும் விழா. அப்புறம் கப்பலேறும் விழா. கடைசி, சர்க்கஸ் பார்க்கும் விழா."

அய்ஜமால் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் கலைந்தது. ஆனால் அடித்துக் கொடுத்தாள். அடியில், எல்லா அட்டையிலும் போடுவதுபோல, 'உங்கள் வரவால் எங்கள் மேசை நிறையட்டும்' என்ற வரியையும் விடாமல் சேர்த்தாள்.

வீட்டில் எசென்குல் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதன், அதிகம் பேசமாட்டான். "அக்காவுக்கும் குடுக்கணும்" என்றான். "அவங்க கைக்குப் போகலன்னா இது அட்டையே இல்ல, வெறும் காகிதம்."

புருல் அட்டைகளைச் சட்டென்று உறைக்குள் தள்ளினாள். ஆனால் அவன் சொன்னது உண்மை. மறுநாளே கொப்பரையடிப் பெண்கள் ஐந்து பேருக்கும் கொடுத்துவிட்டு, ஆறாவதாகக் கலிபா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கலிபா கண்ணாடி போட்டிருக்கவில்லை. தங்க எழுத்து மின்னியது, ஓரத்தில் பூ இருந்தது, வேறென்ன பார்க்க வேண்டும்? முறைப்படி இரண்டு கையாலும் வாங்கினாள். நான்கு அட்டை என்றதும் நான்கு விருந்து என்று மகிழ்ந்துபோனாள். உள்ளங்கைகளை விரித்து, "நல்லபடியா நடக்கட்டும், நடுவுல எவ குறுக்க வந்தாலும் நாசமாப் போகட்டும், ஓமீன்" என்று ஆசீர்வாதம் சொல்லி, முறைப்படி அதே கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டாள். புருலும் "ஓமீன்" என்றாள். அந்தச் சொல்லை அவ்வளவு மனசாரச் சொன்ன நாள் அவள் வாழ்க்கையில் வேறில்லை.

ஒரு வாரம் கழித்து கலிபா தன் பேரனின் கால்கயிறு விருந்துக்கு நாள் வைத்தாள். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. முந்நூறு பேர். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்த அட்டையை எடுத்துப் படித்தாள்; அதிலும் அதே ஞாயிறு.

அடுத்த அரைமணியில் புருல் வீட்டு வாசலில் நின்றாள். பூட்ஸில் இருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

"என்னடி இது கூத்து? வெந்நீர்ல உக்கார்றதுக்கு அட்டையா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருச்சா?"

முப்பத்தேழு வருஷமாக இந்தக் குரலுக்குப் புருல் எதிர்த்துப் பேசியதில்லை. இன்றைக்கும் வாயை மூடினால் நான்கு நாளும் போயிற்று. இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எல்லா வருஷமும் போயிற்று. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"உக்காருங்கண்ணி, டீ ஊத்தறேன்."

"டீ கெடக்கட்டும். அன்னிக்கு என் பேரன் விருந்து. கொப்பரைல யார் நிக்கிறது?"

"தெரியல அண்ணி. நான் அன்னிக்கு விருந்து வச்சிருக்கேன்."

"இதெல்லாம் ஒரு விருந்தா?"

"அட்டை உங்க கைக்கு வந்துச்சுல்ல?"

"வந்துச்சு..."

"ரெண்டு கையால வாங்கினீங்க. ஆசீர்வாதமும் பண்ணினீங்க. குறுக்க வர்றவளுக்கு என்ன ஆகணும்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல."

கலிபா தம்பியைப் பார்த்தாள். எசென்குல் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நீங்க போட்ட சட்டந்தான்க்கா. பக்கத்துத் தெருக் கல்யாணத்தையே தள்ளி வச்சீங்களே."

"வேற ஆள வச்சு சமைச்சிக்கறேன்! சயிராஷ் இருக்கா!"

"சயிராஷுக்கும் அட்டை போயிருக்குண்ணி" என்றாள் புருல். "காய் நறுக்கறவ, மாவு பிசையறவ, ஆட்டுக்குடல் கழுவறவ, எல்லாருக்கும் போயிருக்கு. எல்லாரும் வர்றேன்னுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, தன் குரல் இன்னும் இருக்கிறது என்று கண்டு, மேலே பேசினாள். "விருந்த அடுத்த ஞாயிறு வையுங்க. நானும் வரேன். ஆனா வாசப்பக்கமா வருவேன், விருந்தாளியா. கரண்டி எடுக்க வரமாட்டேன்."

கலிபா டீ குடிக்காமலேயே போய்விட்டாள். கதவு சாத்திய சத்தத்தில் காலண்டர் ஆணியோடு கீழே விழுந்தது. எசென்குல் எழுந்து அதை மறுபடி அடித்து மாட்டினான்.

நான்கு நாள் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கலிபா வீட்டு விருந்தில் சாப்பிட முந்நூறு பேர் தயார். ஒரு உருளைக்கிழங்கு உரிக்க ஒருத்தி இல்லை. மருமகள்களைக் கூப்பிட்டுக் கொப்பரையைக் காட்டினாளாம். அவர்கள் அதில் தண்ணீர் எவ்வளவு என்று ஆளுக்கொரு அளவு சொன்னார்களாம். ஐந்தாம் நாள் செய்தி வந்தது: கால்கயிறு விருந்து ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, சமையலை ஓட்டலில் ஒப்படைத்தாயிற்று. சயிராஷ் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்து புருலைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை, இரண்டு பேருமாகப் பனியில் விழுந்தார்கள்.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் புறப்படவிருந்தபோது கலிபா வந்து சேர்ந்தாள், நரி ரோமத் தொப்பியும் கையில் ஒரு பை போர்சோக் என்ற பொரித்த மாவுத்துண்டுகளுமாக. "அட்டை வாங்கினவ வராம இருந்தா ஊர் என்ன பேசும்?" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

அக்-சூவில் ஊசியிலை மரங்கள்மேல் பனி விடாமல் கொட்டியது. தொட்டியிலிருந்து ஆவி எழும்பியது. ஏழு பெண்களும் ரோமத் தொப்பிகளைக் கழற்றாமல் கழுத்துவரை இறங்கினார்கள். முப்பது வருஷம் நின்ற புருலின் முழங்கால்கள் வெந்நீரில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் வெட்கமில்லாமல் உரக்கச் சிரித்தாள்.

கலிபா இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்தாள். அதுவே அவளுக்கு அதிகம்.

"இப்ப என்னடி செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்ண்ணி."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நாலு மணிக்குத்தான் வேன் வரும்."

கலிபா பெருமூச்சு விட்டாள். கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவள் தோள்கள், காலமெல்லாம் காதுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தத் தோள்கள், மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கின. சயிராஷ் எதையோ சொல்ல வாயெடுத்தாள், புருல் தண்ணீருக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

வெகுநேரம் கழித்துக் கலிபா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள். "மலையேறும் விழா என்னைக்கு?"

"மே மாசம் மூணாவது ஞாயிறு."

"பெரியப்பா மகன் வீட்டுல அன்னிக்கு எழுபது வயசு வைக்கலாம்னு பேசிட்டிருக்காங்க." புருல் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். கலிபா முகத்தில் விழுந்த பனியைத் துடைத்துக்கொண்டு, ஊரே அஞ்சும் அந்தப் பழைய குரலில் சொன்னாள்: "நான் இருக்கறப்ப எவன் வச்சிருவான்னு பாக்கறேன்."