பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட மன்னிப்பு

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சர்ச்சில் திருவிருந்து எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். சபையில் வேறு யாரும் இதைக் கவனித்தார்களா, தெரியாது. செய்தித்தாளில் வேலை பார்த்த கண்ணுக்கு, எழுந்து போகிறவர்களைவிட உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் படுவார். குடி என்று நினைத்தேன். பிறகு, கப்பலூரில் அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் ஏதோ தகராறு என்று நினைத்தேன்.

போன மாதம், திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை ஆராதனையில் ஆயர் ஒரு பகுதியை எடுத்துப் பேசினார். காணிக்கை கொண்டுவந்த இடத்தில், நம்மேல் ஒருவருக்குக் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாக வேண்டும் என்ற பகுதி. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

என்ன என்றுதான் கேட்டேன். எப்போது, யார் கூட இருந்தார்கள் என்றும் கேட்டேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, மன்னிப்புக் கேட்டு வந்தவர்கிட்ட பேட்டியா எடுக்குறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். தண்ணீர் மோட்டார், பின்சுவர், முருங்கை எல்லாம் சரியாக இருந்தன. போன கோடையில் எங்கள் நாய் செத்தது நினைவுக்கு வந்தது. மனைவியிடம் சொன்னேன். தனக்கு எதுவும் தெரிய வேண்டாம், தான் அப்போதே மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவள் சப்பாத்தி தேய்க்கப் போனாள்.

மறுநாள் ஞாயிறு காலையில் அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னவென்று சொன்னால் மன்னித்துவிடுகிறேன் என்றேன். அவர் துணியைக் கீழே வைத்தார்.

"போன வருசம் கொட்டாம்பட்டியில இருந்து உங்க பாப்பாவுக்கு ஒரு இடம் வந்துச்சுல்ல. அவங்க எங்க வீட்லதான் விசாரிச்சாங்க. பொண்ணு தங்கம்னு சொன்னேன். அப்பா எப்படின்னு கேட்டாங்க. நல்லவருதான், ஆனா எதையும் நோண்டாம விட மாட்டாரு, சம்பந்தம் வச்சா உங்க அடுப்படி வரைக்கும் விசாரிப்பாருன்னுட்டேன். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அவங்க சிரிக்கல."

பையனுக்கு இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லை என்று அவர்கள் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். நான் அன்றே அதை நம்பவில்லை. மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இன்னும் வேறு இடம் அமையவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"விசாரிக்க யார் யாரு வந்தாங்க?"

அவர் கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி பைக்கைத் துடைத்தார். ஆராதனைக்குச் சர்ச் மணி அடித்தது. சொல்வதாகச் சொன்ன வார்த்தையை நான் சொல்லவில்லை.

ஆராதனையில் அவர் எங்கள் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். எங்கள் முறை வந்தது. எல்லோரும் எழுந்தோம், அவர் எழவில்லை. அவரைத் தாண்டித்தான் நான் பீடத்துக்குப் போக வேண்டும். நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையும் நின்றது.

"மன்னிச்சிட்டேன், எந்திரிங்க" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

கேள்வி கேட்கிற இடத்தில் அவரும், பதில் சொல்கிற இடத்தில் நானும் இருந்தது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து எனக்கு முன்னால் நடந்தார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டோம். ஆயர் முதலில் அவருடைய உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். பின்னால் ஆட்கள் காத்திருக்காவிட்டால் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம். கொட்டாம்பட்டிக்காரர்களிடம் அவர் இவ்வளவுதான் சொன்னாரா என்பதும் சந்தேகம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நானும் கையை நீட்டினேன்.