தியேட்டர் வாசலில் முக்கால் மணி நேரம்

காலை ஒன்பது பத்துக்கு, ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா என் மகளின் சினைப்பை ஒன்று முறுக்கிக்கொண்டுவிட்டது, அதற்கு ரத்தம் போகவில்லை என்றார். சீக்கிரம் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்தால் காப்பாற்றலாம். தாமதமானால் அகற்றிவிட வேண்டியதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயது. வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தபடி, "யம்மா, இன்னைக்கு காலேஜ்ல ரெக்கார்டு நோட்டு வைக்கணும்" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். "இங்கனயே இருங்கக்கா, எங்கயும் போயிராதீக" என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் போனார். ஒன்பதே முக்காலுக்கு, தியேட்டர் தயார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதன்பின் யாரும் வரவில்லை. வார்டு நர்ஸ் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மகள் முனகுவது மட்டும் கேட்டது. வார்டுக்கும் தியேட்டருக்கும் நடுவே வராந்தாவில் கிடந்த நாற்காலியை விட்டு நான் நகரவில்லை.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். ஓர் அறைக்கு நாலு பேர்தான், அடுத்த அறைக்குள் கால் வைக்காதே, அடுத்தவர் வேலையைத் தொடாதே என்று தினமும் சொல்கிறவள். அங்கே அப்படி இருந்தால்தான் மாலையில் எல்லோரும் வேன் ஏற முடியும். அந்தப் பழக்கம்தான் என்னை அந்த நாற்காலியில் உட்கார்த்தி வைத்தது.

பத்தரைக்குத் தியேட்டர் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏப்பா, புள்ளையக் கூட்டிட்டு வர ஸ்ட்ரெச்சர் எங்க? கல்யாணத்துக்குப் போயிருக்கா?"

"வார்டுல கூப்பிடுவாகன்னு நிக்கேன் சிஸ்டர்" என்றார், வராந்தாத் திருப்பத்திலிருந்து எட்டிப் பார்த்த அட்டெண்டர்.

"தியேட்டர்லருந்து சொல்லுவீகன்னு நான் இருக்கேன்" என்றார் வார்டு நர்ஸ்.

பின்னாலேயே மயக்க மருந்து டாக்டர் வந்தார். "ரத்த ரிப்போர்ட் இல்லாம நான் என்ன செய்ய? அர மணி நேரமா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "ரிப்போர்ட் வாங்கியாரச் சொல்லலையாம்மா?"

"இங்கனயே இருக்கச் சொன்னாக."

"நல்லா இருந்தீக, போங்க!"

லேப் ஜன்னல் அதே வராந்தாவின் கடைசியில் இருந்தது. ரிப்போர்ட் எப்போதோ தயாராகி, ஒரு பேனாவுக்கு அடியில் கிடந்தது.

சிஸ்டர் அங்கேயே எல்லோரையும் நிறுத்தினார். யார் எதைச் செய்வது என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். அவரவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே விட்டார். முடித்ததும் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஏழே நிமிடத்தில் மகள் உள்ளே போய்விட்டாள். அதே ஆட்கள்தான். ஒருவரும் சோம்பேறி இல்லை. என்னைப்போலவே எல்லோரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறார்கள். ஒருவர் மீதும் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. என் மீது மட்டும்தான் முடிகிறது.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

"எடுக்கலம்மா. முறுக்கப் பிரிச்சிட்டோம், நிறம் கொஞ்சம் திரும்பியிருக்கு. முழுசாத் தேறுமான்னு ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும்."

"அந்த முக்கால் மணி நேரம் முன்னாடியே உள்ள போயிருந்தா, டாக்டர்?"

அவர் தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தெரியலம்மா. உள்ள நாங்களும் அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."