வெல்வெட் பெட்டியில் பன்னிரண்டு பிட்டுகள்

இராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மரப்பட்டறை இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் என் கணவர் செய்வார். நான் பகலில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போவேன். லீவு நாளில் பட்டறைக்குச் சாமான் வாங்கிப் போடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு பழைய ரவுட்டர் மிஷின் வாங்கினார். கதவின் ஓரத்தை வளைவாக இழைக்கிற மிஷின் அது. அதன் வாயில் மாட்டும் வெட்டுப்பல்லுக்குப் பிட்டு என்று பெயர். மிஷின் வந்துவிட்டது, பிட்டு இல்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர் போயி நீயே நல்லதாப் பாத்து வாங்கிட்டு வா" என்றார். கத்தரிக்காய் பொறுக்குவதில் நான் எடுத்திருந்த பெயர்தான் காரணம்.

இரும்புக்கடை பாய் என் முன்னால் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒற்றைப் பிட்டு. நுனியில் கார்பைடு என்கிற கெட்டி உலோகம் வைத்தது, பார்க்க அழுக்காக இருந்தது. மற்றது ஒரு பெட்டி. திறந்தால் சிவப்பு வெல்வெட்டில் பன்னிரண்டு பிட்டுகள் தங்க நிறத்தில் மின்னின. இரண்டுக்கும் ஒரே விலை.

"பெட்டியப் பாக்காதீகம்மா, பல்லப் பாருங்க. இந்த ஒத்தப் பிட்டு வருசக்கணக்கா உழைக்கும்."

"அப்ப அந்தப் பன்னெண்டும்?"

"அது பாக்க நல்லாருக்கும்."

ஒன்றின் விலைக்குப் பன்னிரண்டு கிடைக்கும்போது ஒன்றை வாங்குகிறவள் நானில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "எம்புட்டுப் பவுனு?" என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை.

பட்டறையில் அவர் பெட்டியைத் திறந்து ஒரு பிட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, இத மிஷினுல மாட்டுறதா, கழுத்துல மாட்டுறதா?" என்றார்.

முதல் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற ஒரு டிராயிங் வாத்தியார் வீட்டுப் பூஜையறைக் கதவு. மிஷினைப் போட்டதும் அது ஓலமிட்டது. தங்கப் பூச்சு உரிந்தது, பிட்டு நீலமானது, புகை கிளம்பியது. பக்கத்து பேண்டேஜ் துணிப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்கள். புகை அடங்கிய பிறகு பார்த்தால் கதவைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு கோடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"நீயும் வந்து அவியகிட்டச் சொல்லு. வாங்குனவ நீதான."

கதவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓடவிட்டார்.

"ஓரத்துல நெழல் குடுத்திருக்கீக" என்றார். "சொல்லாமலே செஞ்சிருக்கீக பாருங்க."

என் கணவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"ஆமாய்யா, நெழலுதான்" என்றேன்.

வாத்தியார் தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தத் தெருவிலேயே மூன்று வீட்டுக்கு ஆர்டர் கிடைத்தது. இதற்கிடையில் என் கணவர் பாயிடம் போய் அந்த ஒற்றைப் பிட்டை வாங்கி வந்துவிட்டார். வெண்ணெயை வெட்டுவதுபோல் வெட்டியது, கறையே இல்லை. அதை வைத்து முதல் வீட்டுக்கு ஜன்னல்கள் செய்து கொண்டுபோனோம். வீட்டுக்காரம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டக் காணுமே?" என்றாள். திரும்பக் கொண்டுவந்து, வெல்வெட் பெட்டிப் பிட்டை மாட்டி, பக்கத்துப் பட்டறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஓரமெல்லாம் கருக்கினோம்.

அதன்பின் அதுவே முறையாகிவிட்டது. நல்ல பிட்டால் வெட்டுவது, கெட்ட பிட்டால் கருக்குவது. பன்னிரண்டும் ஒவ்வொன்றாக ஒடிந்து தீர்ந்ததும் நான் மறுபடி பாயின் கடைக்குப் போனேன்.

"மொக்கைப் பிட்டு இருக்கா பாய்?"

அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். "நான் கட போட்ட நாள்லேர்ந்து அப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லம்மா."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. மற்ற ஆசாரிகள் திட்டித் திருப்பிக் கொடுத்த பிட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய அவரிடம் கிடந்தன. சும்மாவே கொடுத்தார்.

சும்மா கிடைத்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த முறை போனபோது பிட்டுகள் கண்ணாடி அலமாரிக்கு ஏறியிருந்தன. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'நிழல் பிட்டு' என்று ஒரு சீட்டு. புதுப் பிட்டைவிட விலை அதிகம். பேரம் பேசித்தான் வாங்கினேன்.