ஞானமுத்து சாரின் முதல் பீரியட்

பள்ளியில் விடுதி கட்ட ஆசிரியர்கள் சார்பில் நான் சம்மதம் சொன்னதாகப் பாப்பிரெட்டிப்பட்டியில் பேசிக்கொள்கிறார்கள். சொல்லவில்லை. முன்னாள் தலைமையாசிரியர் ஞானமுத்து சார் காலமான செய்தியைச் சொல்ல வந்த நிர்வாகக் குழுச் செயலரிடம், "உட்காருங்க" என்றேன். அவ்வளவுதான். அதன்பின் அவர் விடுதியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

சாரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலிக்கன் சபையார் தொடங்கிவைத்த, அரசு மானியம் வாங்காமல் நடக்கும் நம் ஆண்கள் பள்ளியில் முதல் பீரியடுக்குப் புத்தகம் கிடையாது. படித்ததைப் பையன்கள் மாலையில் வீட்டில் சொல்ல வேண்டும். வீட்டார் அதற்கு என்ன சொன்னார்கள் என்பதுதான் மறுநாள் முதல் பாடம்.

ஒருநாள் பொம்மிடியிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான். "பூமி சுத்துதுன்னா நம்ம கெணத்துத் தண்ணி ஏன்டா கொட்டலன்னு எங்கம்மா கேட்டாங்க சார்." வகுப்பே சிரித்தது.

"சிரிக்கிறவனெல்லாம் எந்திரிச்சு பதில் சொல்லுங்கடா" என்றார் சார்.

அடுத்து வந்த என் ஆங்கில வகுப்பும் அந்தக் கேள்வியிலேயே போயிற்று. "கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா, அந்தம்மாவுக்கு இன்னைக்கு சாயங்காலம் பதில் போயாகணும்" என்றார் சார்.

விடுதி கேட்டு வந்தவர்களிடம் அவர் சொன்னதும் இதுதான்: "பையன் ராத்திரி இங்கயே தூங்குனா, காலைல எங்கிட்ட என்ன சொல்லுவான்?"

தாயைப் புதைத்துவிட்டு வந்த சித்தேரி மலைப் பையன் ஒருவன், "வூட்ல யாரும் ஒண்ணும் சொல்லலைங்க சார்" என்றான். அன்று மாலை மலை பஸ்ஸில் சாரும் ஏறினார். அவனுடைய அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தை அவனைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுநாள் பையன் சொன்னான்: "எங்கப்பா பேசுனாருங்க."

என் கணவர் இறந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, என்னையும் அவர் விடவில்லை. "நேத்து வூட்ல என்ன சொன்னாங்க, டீச்சரம்மா?"

"வீட்ல பேச ஆளில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?" எனக்கு வந்த கோபம் சிறிதல்ல.

"அப்ப நீங்க பேசிட்டு வாங்க."

அன்றிலிருந்து, விளக்குப் போட்டதும் கணவரின் நாற்காலியைப் பார்த்து அன்றைய நாளைச் சொல்லி வருகிறேன். இப்போது காலையில் காபி ஆற்றும்போது முதுகுக்குப் பின்னால் சாரின் குரல், அதே கேள்வி. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பதில் சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

நிர்வாகக் குழுவினரே, விடுதி வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பீர்கள்? முதல் பீரியட் இருக்குமா, இருக்காதா? போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.