மாற்றாத பாகம்

“...கிண்ணத்த மாத்தியாச்சு, தண்ட மாத்தியாச்சு, வாயில வெக்கிற துண்டையும் மாத்தியாச்சு. இன்னும் எதை மாத்தறது, நீயே சொல்லு சகலை?”

கேட்டவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஓர் ஈஸ்டர் மத்தியானம், நெய்வேலி நகரியத்தில் அவருடைய குவார்ட்டர்ஸ் ஹாலில், பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தன் புகைக்குழாயை மூன்று துண்டாகக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார். சுங்கான் என்று நல்ல தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் பைப் என்றுதான் சொல்வோம். அவர் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த அக்கா தங்கை இருவருக்கும் தெரியும் என்பதை, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தும் ஒரு பாத்திரச் சத்தம்கூட வராததை வைத்தே புரிந்துகொண்டேன்.

சகலை சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பர்மனெண்ட். நான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஜீப் டிரைவர். “நீங்க பர்மனெண்ட்டு, உங்களுக்கென்ன” என்று நான் சீண்டினால், “உடம்பு விஷயத்துல எல்லாரும் கான்ட்ராக்ட்தான் சகலை, ஆர்டர் எப்ப முடியும்னு மேல ஒருத்தருக்குத்தான் தெரியும்” என்பார். அப்போது அது வெறும் பேச்சு. எந்த மெஷினில் புதுச் சத்தம் வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், சத்தம் நிற்கவில்லையென்றால் அடுத்த பாகம். “ரெண்டை ஒண்ணா மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாமப் போயிடும்” என்று சொல்வார். இந்த வாக்கியத்தை வாய்க்கு வாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்வது என் பழக்கம். படிப்பு குறைவு; அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

பழுப்பு நிலக்கரி தானாகவே பற்றிக்கொள்ளும் சாமான். அதனால் சுரங்க கேட்டில் தீப்பெட்டியைத் தேடித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு போவோம். சகலைக்கு அது பிடிக்காது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, வாசலில் நாற்காலி போட்டுப் பைப்பைப் பற்றவைப்பார். முதல் பைப், பெரிய மண்வெட்டும் இயந்திரத்தைப் பொருத்துவதற்காக வந்திருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. மரத்தின் அடிமரம் எரியும், வேர்முடிச்சு எரியாது என்று அந்த மனிதர் கையைக் காலை ஆட்டி விளக்கிவிட்டுப் போனாராம். அந்தப் பைப் ஒருநாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பிளந்துபோனது.

பிறகுதான் அந்தப் பெரிய புயல் வந்தது. எங்கள் இரண்டு பேருடைய மாமனார் வீடு முத்தாண்டிக்குப்பத்தில். சாலையில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி வழிவிட்ட பிறகு, எல்லோரும் ஜீப்பில் போனோம். முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டிருந்தது. இலை இருக்க வேண்டிய இடத்தில் வேர் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வேர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஈரமண் சொட்டச் சொட்ட நின்றன. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்ப்பது போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சகலை மட்டும் ஒரு வேர்முடிச்சின் பக்கத்தில் குந்தி, விரலை மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க சகலை, எழவு வூட்ல வந்து கட்டிலுக்கு வெல கேக்கறீங்க? எழுந்திரிங்க,” என்றேன்.

“தட்டினா கல்லு மாதிரி கேக்குது பாரு,” என்றார். அந்த முடிச்சை வெட்டி என் ஜீப்பின் பின்சீட்டில்தான் ஏற்றினோம்.

அது காயும்வரை பொறுத்திருந்து அவர் பைப் செய்ததை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். சும்மா ஒரு கட்டையைக் குடைந்து குழாய் சொருகுகிற வேலை என்று நினைத்திருந்தேன். கிண்ணத்தின் அடி எங்கே முடிகிறதோ மிகச் சரியாக அங்கேதான் தண்டின் துளை வந்து சேர வேண்டுமாம். ஒரு நெல் அகலம் மேலே போனால் அடியில் புகையிலை நனைந்து எரியாமல் தங்கும். கீழே போனால் அந்தப் பள்ளத்தில் எச்சில் தேங்கும். கிண்ணத்தின் சுவர் மெலிந்தால் கை சுடும், தடித்தால் தாடை வலிக்கும். நேர்த்தண்டாக இருந்தால் சுத்தம் செய்வது சுலபம், ஆனால் பாரம் முழுக்கப் பல்லில் தொங்கும். வளைத்தால் பாரம் இறங்கும், ஆனால் வளைவில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் போடும். எதைக் கொஞ்சம் சரிசெய்தாலும் இன்னொன்று கெடும். சகலை இதையெல்லாம் சொல்லும்போது முகம் பளிச்சென்று இருக்கும். கடைசியில் பித்தளைத் தண்டை லேசான வளைவில் முடித்தார். வாயில் வைக்கும் நைலான் முனையில், பல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன மேடு. வலது கடைவாயில் கவ்விக்கொள்வார். அது அங்கேயே முளைத்த மாதிரி இருக்கும்.

புண்ணும் அங்கேதான் வந்தது.

வெள்ளையாக, சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி, கன்னத்தின் உள்பக்கம். ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். எங்கள் பக்கத்தில் முந்திரி உடைக்கிற வீடுகளில் வாய் வேகாத ஆள் கிடையாது. பச்சைக்கொட்டையின் தோலில் ஒரு எண்ணெய் இருக்கிறது. உதட்டில் பட்டால் தோல் உரிந்துவிடும். தானே வரும், தானே போகும். மாமியார் பார்த்த உடனே, “முந்திரிய வாயில கடிச்சிக்கினே இருந்தா வேவாம இன்னா பண்ணும்? தேங்கெண்ண தடவுங்க, போயிடும்” என்றார். எங்களுக்கு அப்படியொரு நிம்மதி. மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அன்று எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். நம் ஊர் மரம், நமக்குத் தெரிந்த புண். வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் அன்றே பயந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தேங்காய் எண்ணெய்க்குப் புண் போகவில்லை. சகலை தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினார். முந்திரிக் கிண்ணத்தை எறிந்துவிட்டுப் பலாவேரில் புதுக் கிண்ணம் குடைந்தார். மஞ்சளாக, அழகாக இருந்தது. அதை வைத்துச் சில வாரம். புண் இருந்த இடத்தில் இருந்தது. அப்படியானால் சூடு, என்றார். பித்தளைத் தண்டை எடுத்துவிட்டு மூங்கிலில் நீளமாக ஒன்று செய்தார். புகை நடந்து வருகிற தூரம் கூடினால் ஆறிப்போய் வரும் என்று கணக்கு. பைப் வரவர நீண்டுகொண்டே போனது. வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாதஸ்வரம் வாசிக்கப் போகிறவர் போல இருக்கும். “முகூர்த்தம் எத்தன மணிக்குங்க?” என்று கேட்டேன். சிரித்தார், வாயை முழுசாகத் திறக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் அவரைக் கேலி செய்வதை விட்டேன். கடைசியாக வாயில் வைக்கும் நைலான் துண்டை மாற்றி எருமைக்கொம்பில் கடைந்து பொருத்தினார். இடையில் வலது கடைவாயை விட்டு இடதுக்கும் மாறிவிட்டார். ஒவ்வொரு பாகம் மாற்றும்போதும் சில நாளைக்கு அவர் முகத்தில் ஒரு தெம்பு இருக்கும். பிறகு மெல்ல வடிந்துவிடும்.

புதுச் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிற டிரைவர்களை எனக்குத் தெரியும். அந்த வீடு முழுக்க அப்படி ஆகியிருந்தது. அண்ணி, அதாவது சகலையின் மனைவி, யாரும் சொல்லாமலே ரசத்தில் மிளகைக் குறைத்தார். பிறகு காரத்தை விட்டார். பிறகு சோற்றைக் குழைய வடித்தார். காபியை ஆற்றி ஆற்றி, பச்சைத்தண்ணீர் போல ஆக்கித்தான் கொடுத்தார். சினிமாவுக்குப் போனால் படத்துக்கு முன்னால் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் ஒன்று போடுவார்கள் இல்லையா, அது முடியும்வரை சகலை வெளியே பாப்கார்ன் வரிசையில் நிற்பார். பாப்கார்ன் இல்லாமல் திரும்பி வருவார். கொறிக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியிடம் நான் மெதுவாக, “நீங்க ஒரு வார்த்த கேக்கலாமில்ல, ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்குது” என்றேன்.

கிளிப்பை வாயில் கடித்தபடி நின்றவர் அதை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: “கேக்க பயமா கீதுங்க. கேட்டா அவரு பதில் சொல்லிடுவாரு.”

நான் சேர்த்து வைத்திருக்கும் பேச்சுகளில், யாரிடமும் திருப்பிச் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. சகலை வருஷாவருஷம் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, பைப்பை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஈஸ்டர்வரை தொடமாட்டார். மற்ற வருஷங்களில் நாலு நாளில் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பிள்ளைகள் கிட்டே போகமாட்டார்கள். அந்த வருஷம் மட்டும் ஒரு வார்த்தை அதட்டவில்லை. எனக்கு அதுவே திகிலாக இருந்தது. ஏனென்றால் அவர் ஒர்க்‌ஷாப்பில் சொல்கிற இன்னொன்றும் எனக்குத் தெரியும்: “மெஷின நிறுத்தின பிறகும் சத்தம் வந்துச்சுன்னா, அது அந்த மெஷின்ல இல்ல.” இப்போது மெஷினை நிறுத்தியாகிவிட்டது. கிண்ணம் இல்லை, சூடு இல்லை, புகை இல்லை. இனி அந்தப் புண் தன் விருப்பப்படி ஒரு பதில் சொல்லும். அதைக் கேட்க அவர் ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் நின்றிருப்பார் என்பதை நினைத்தால் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவை முத்தி செய்ய, அதாவது மரச்சிலுவையை முத்தமிட, வரிசையில் நின்றோம். அவருக்குப் பின்னால் நான். அவர் முறை வந்தது. குனிந்தார். உதட்டை வைக்கவில்லை. நெற்றியை மட்டும் மரத்தில் பதித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் இருந்தார். நிமிரும்போது வலது கன்னம் லேசாக வீங்கியிருந்ததைப் பக்கவாட்டில் பார்த்தேன். அவர் எழுந்துபோன இடத்தில் நான் குனிந்தபோது என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான் மனதில் ஓடியது.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, வலது கன்னத்தின் உட்பகுதியையும் தாடையில் கொஞ்சம் எலும்பையும் எடுத்தார்கள். நெஞ்சுச் சதையைத் திருப்பி அந்த இடத்தை மூடினார்கள். “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பின்னாடியும் வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். அதைக் கேட்டு அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் அண்ணி இரண்டையும் செய்தார். கட்டுப் பிரித்து, பேச வந்த புதிதில் சகலை என்னிடம் குழறிச் சொன்ன முதல் முழு வாக்கியம், “ஸ்பேர் பார்ட்ட நெஞ்சுலயே வெச்சி அனுப்பியிருக்கான் சகலை” என்பது. மூன்று முறை சொல்லவைத்துத்தான் புரிந்துகொண்டேன். இப்போதும் போனில் பேசினால் பாதிதான் பிடிபடும். மீதியை அவர் சிரிப்பை வைத்து ஊகிப்பேன். செக்கப்புக்குப் போகிற வாரம் மட்டும் அவர் சிரிப்பதில்லை. அந்த வாரம் நானும் பேச்சைக் குறைத்துக்கொள்வேன்.

பைப் என்னிடம் இருக்கிறது. கண்ணில் படக்கூடாது என்று அவர்தான் கொடுத்தனுப்பினார். கிண்ணம், தண்டு, கொம்பு மூன்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். ஒருநாளும் சேர்த்துப் பொருத்தியதில்லை. பொருத்தினால் என்ன ஆகிவிடும் என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் கை வரவில்லை. கன்னத்தில் புகையிலை ஒதுக்குவதை நானும் விட்டுவிட்டேன். இருந்தாலும் தினம் பல் தேய்த்ததும் நாக்கை உள்ளே ஒரு சுற்று சுற்றி, இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன்.

டப்பாவை இறக்கித் தூசி தட்டும்போதெல்லாம் அந்த ஈஸ்டர் மத்தியானம் திரும்பி வருகிறது. செய்தித்தாள்மேல் மூன்று துண்டு. சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டில் தயிரில் பிசைந்து பாதி வைத்த பிரியாணி சோறு. சமையல்கட்டில் கேட்பாரில்லாமல் ஓடும் தண்ணீர். “இன்னும் எதை மாத்தறது, நீயே சொல்லு சகலை?”

உள்ளே யாரோ குழாயை மூடினார்கள். சகலை கையில் இருந்த கொம்புத் துண்டைச் செய்தித்தாள்மேல், மற்ற இரண்டுக்கும் பக்கத்தில், உருண்டு விழாதபடி வைத்தார். எழுந்து நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, என்னைக் கிட்டே வரச்சொல்லித் தலையை அசைத்து, அண்ணாந்து, வாயைத் திறந்தார்.