கடைசி ஓவர்க்காரன்

எங்கள் கம்பெனி டீமில் கடைசி ஓவர் என்றால் நான்தான். முதல் ஓவர்களில் யார் வாங்கிக் கட்டிக்கொண்டாலும், முடிவில் டேப் சுற்றிய பந்து என் கைக்கு வரும். துபாய்க்குப் பக்கத்து அஜ்மானின் மணல் மைதானத்துக்கு எங்கள் மேனேஜர் காரில் வருவதும் அந்த நேரத்துக்குத்தான். முழு மேட்ச் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஆறு பந்தையும் பேட்ஸ்மேன் காலடியில் இறக்குவேன், ஜெயிப்போம், அவர் என் தோளில் தட்டுவார். ஒவ்வொரு கோடைக்கும் எனக்கு ஏசி ஸ்டோரில் டூட்டி கிடைத்தது அதனால்தான். கட்டட சைட் வெயிலில் ஒருமுறை சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். இன்னொரு கோடை அங்கே போனால் உடம்பு தாங்காது.

போன வருஷம் புது கேப்டன் வந்தான். ஆபீசில் வேலை பார்க்கும் மதுரைக்காரன், எப்போதும் போனில் எதையாவது அலசிக்கொண்டிருப்பான்.

“கடைசி ஓவருக்குன்னு ஒரு ஆளு வச்சுக்கிறதெல்லாம் பழசுண்ணே. பேஸ்பால்லயே மாத்திட்டாய்ங்க. முடிச்சு வைக்கிறதுக்குன்னே வச்சிருந்த ஆள, இப்ப எப்ப ஆபத்தோ அப்பவே எறக்கிர்றாய்ங்க.”

அமெரிக்காக்காரனுக்கு என்ன, அவன் ஸ்டோர் டூட்டிக்காகவா பந்து போடுகிறான்?

அந்தக் கோடை நெருங்கிய சமயம் ஒரு மேட்ச். எதிரணியில் இரண்டு பேர் நடு ஓவர்களில் வெளுத்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டான். இருவரையும் போல்டாக்கினேன். மேட்ச் அங்கேயே முடிந்த மாதிரிதான். கேட் பக்கம் பார்த்தேன்; கார் வரவில்லை.

கடைசி ஓவரை எங்கள் டிரைவர் ஒருவர் போட்டார். யார் போட்டிருந்தாலும் ஜெயித்திருப்போம். அப்போது வந்து சேர்ந்த மேனேஜர் அவரைக் கட்டிப்பிடித்தார். கிளம்பும்போது காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, “க்யா பாய், ஹாத் கராப் ஹோ கயா?” என்றார். என் கை கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்! கேப்டன், பாவம், நடந்ததை எடுத்துச் சொன்னான். “அச்சா, அச்சா” என்றபடி அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அடுத்த மேட்ச் முடிந்த கையோடு கோடை டூட்டி பிரிப்பார்கள்.

லேபர் கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தம்பி, வர்ற மேட்சுல கடைசி ஓவர் எனக்குக் குடு.”

“நடுவுல நீங்க போடலைன்னா தோத்துருவோம்ணே.”

இத்தனை வருஷத்தில் தோற்பதற்கு நான் ஒருநாளும் சம்மதித்ததில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தோத்துட்டுப் போவோம்ப்பா. அந்தாளு வர்றப்ப பந்து என் கையில இருக்கணும்.”