கத்திரி படாத நீல அங்கி

1970 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நான் காஞ்சிபுரம் போனது கோயில் பார்க்கவும் அல்ல, புடவை எடுக்கவும் அல்ல. வேலூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்கு நான் டீச்சர். பழைய இஸ்ரவேலின் ஆலயத்தில் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் எப்படி உடுத்தினார் என்று மறுநாள் ஆராதனையில் காட்டப் போகிறோம், முழு நீலத்தில் பட்டங்கி வருகிறது என்று வாய்க்கொழுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்திருந்தேன். (அசல் அங்கி பட்டாக இருந்திருக்காது. கிடைத்ததைத்தானே செய்ய முடியும்!) அது வராவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

காலை 6.15 பஸ், வாலாஜா வழியாக. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் பத்து பைசா. 8.40க்கு இறங்கி, ஐம்பது பைசா பேசி ரிக்‌ஷாவில் பிள்ளையார்பாளையம் போனேன். "எந்தத் தெருவும்மா? எங்க போனாலும் தறிச் சத்தந்தான் கேக்கும்" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

நெசவாளர் ஏகாம்பரத்துக்கு என் வயதுதான் இருக்கும். மனைவி செங்கம்மாவும் கூடவே நெய்பவர். 'பெரிய ஆசாரியர் சந்நிதிக்குள் போகும்போது போடுவது, நடுவில் தலை நுழைய வழி வேண்டும்' என்று மூன்று வாரத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தேன். மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்ததும், கழுத்தை அங்கேயே வெட்டிக்கொள்ளலாம் என்று கைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன். வேலூரில் டெய்லர் நாலு மணிக்கே கடையை மூடிவிடுவார்.

"ஐயோ, அத்த உள்ள வைங்க டீச்சரம்மா!" செங்கம்மா பதறிவிட்டார்.

"சாமி காரியத்துக்குன்னு நெய்ஞ்சதும்மா. கத்திரி படக்கூடாது" என்றார் ஏகாம்பரம்.

"அப்புறம் தலை எப்படி நுழையும்?" என்றேன். கத்திரிக்கோலை இன்னும் கையில்தான் வைத்திருந்தேன்.

அவர் துணியைப் பிரித்தார். நட்டநடுவில் ஒன்றரை சாணுக்கு ஒரு பிளவு. இரண்டு கையையும் உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஒரு இழைகூட அசையவில்லை.

"கரையும் ஒடம்பும் சேர்றதுக்குக் கோர்வை போடுவோமில்ல? இங்க வலப்பக்கம் நானு, இடப்பக்கம் அவ, தனித்தனியா நெய்ஞ்சிக்கினு வந்தோம். கோர்வை போடாம, ஊடு நூல நடுவுல அவங்கவங்க பக்கமே திருப்பிக்கினோம். தானா வாய் தொறந்துக்கினு நிக்குது."

எங்கள் வேதாகமத்தில் இருப்பதும் இதுதான்: தலைக்கு நடுவில் திறப்பு, அது கிழியாமலிருக்கச் சுற்றிலும் நெய்த விளிம்பு. வருஷா வருஷம் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்பவள் நான். கத்திரியோடு வந்து நின்றவளும் நான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"எந்த ஊரு குருக்களும்மா போட்டுக்கப்போறாரு?" என்று கேட்டார் செங்கம்மா.

இஸ்ரவேலின் அந்த ஆலயம் இடிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, இப்போது அப்படி ஆசாரியரும் இல்லை, எங்கள் சபையைச் சேர்ந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நிற்பார் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். தர மாட்டேன் என்றால் என்ன செய்வேன்?

செங்கம்மா கணவரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எடுத்துக்கினு போங்கம்மா. ஆனா அளவு பாக்கறேன்னு யாரும் மேல போட வாணாம். நாங்களும் போட்டுப் பாக்கல. கழட்டினதும் மத்த துணியோட சேக்காம தனியா வெச்சிடுங்க."

அந்தக் கால ஆசாரியர்களும் வெளியே ஜனங்களிடம் வருமுன் ஊழிய உடுப்பைக் கழற்றி உள்ளறையிலேயே வைத்துவிடுவார்கள். பரிசுத்தம் என்றால் அழுக்கில்லாமல் இருப்பது என்றே நான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கி, வேறெதற்கும் கொடுக்காமல் காப்பதுதான் அது என்று அந்தத் தறி வீட்டில்தான் உறைத்தது. திரும்பும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

ஞாயிறு மாலை ஆராதனை வரை அளவு பார்க்க யாரையும் விடவில்லை. கம்பவுண்டருக்குப் பூசணிக்காய்த் தலை. அங்கி காது வரை இறங்கி நின்றுவிட்டது. சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு இழு இழுத்தார், தலை வெளியே வந்தது, அங்கி கிழியவில்லை. அப்பாடா! நான் வாய்விட்டே அழுதேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: மேலே சொன்ன கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள். காலையிலேயே போங்கள். தறிகள் வீட்டுக்குள் இருப்பவை, கேட்டுவிட்டு நுழையுங்கள். துணி எதற்கு என்பதை உள்ளபடி சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர்கள் நெய்கிறார்கள். அங்கி இன்றும் சபையில் தனிப்பெட்டியில் இருக்கிறது. கத்திரிக்கோலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.